வாயிலிருந்து எடுத்த சொல், தலையில் சுமத்திய சொல்



ஐயாவை மேடையில் புகழ்ந்தால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று அவரோடு பழகிய தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே புகழுரையை விட்டுவிட்டு நேராகப் பொருளுக்கு வருகிறேன். ஜெர்மன் மொழிக்குள் புகுந்த யித்திஷ் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும், "கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு யூதர்களின் மொழியைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஏற்பாட்டுக் குழுவிலிருந்தே ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்விதான். பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். யூதர்களை எப்படி ஒதுக்கி வைத்தோம் என்று விளக்க ஜெர்மானிய அறிஞர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் நம்முடைய சேரியிலிருந்து போனது. அதனால் இந்தக் கதையில் நாமும் இருக்கிறோம், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

முதலில் யித்திஷ் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ரைன் ஆற்றங்கரை ஊர்களில் வாழ்ந்த யூதர்கள் சுற்றியிருந்தவர்களின் ஜெர்மனைப் பேசினார்கள். பிரார்த்தனைக்கும் சட்டத்துக்கும் படிப்புக்கும் உரிய எபிரேய, அராமியச் சொற்கள் அதில் கலந்தன. துரத்தப்பட்டுக் கிழக்கே போலந்து, லித்துவேனியா பக்கம் போனபோது அங்குள்ள ஸ்லாவிய மொழிகளின் சொற்களும் சேர்ந்தன. எழுதுவது எபிரேய எழுத்தில். இந்த மொழிக்கு அதைப் பேசியவர்கள் வைத்த செல்லப் பெயர் 'மாமெ லோஷன்', தாய்மொழி. மாமெ என்பது அம்மா. லோஷன் என்பது நாக்கைக் குறிக்கும் எபிரேயச் சொல். வெளியில் இருந்தவர்கள் வைத்த பெயர் 'ஜார்கன்'. கொச்சை என்று பொருள். படித்த யூதர்களே அப்படித்தான் சொன்னார்கள். காஃப்கா 1912இல் பிராக் நகரில் இந்த மொழியைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவரும் அதை ஜார்கன் என்றுதான் குறிப்பிட்டார். ஆனால் கேட்க வந்திருந்த நாகரிக யூதர்களிடம், இந்த மொழி உங்களுக்குப் புரியாது என்று நினைக்கிறீர்கள், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே புரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு பேச்சு, கல்லூரியில் ஒரு பேச்சு என்று வாழும் இந்த அரங்கத்து மாணவர்களுக்கு அந்தச் சங்கடத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் கேள்வி நேரத்தில் வரும். யித்திஷ் பேசியவர்களின் கதை இஸ்ரேல் அரசின் கதை அல்ல. அந்த அரசு எபிரேயத்தைத்தான் தூக்கிப் பிடித்தது. யித்திஷை அகதி வாழ்வின் அவமான அடையாளமாக ஒதுக்கியது. நான் பேசுவது தையற்காரர்கள், மாட்டு வியாபாரிகள், தலைச்சுமை வியாபாரிகள், ஆலைத் தொழிலாளர்கள் பேசிய மொழியைப் பற்றி.

ஊருக்குள் விடாதவனின் சொல் மட்டும் எப்படி ஊருக்குள் போகிறது? இதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. இரண்டு கூட்டத்தார் எங்கே சந்திக்கிறார்களோ அந்த இடத்தின் சொற்கள்தான் கடக்கும். கோயிலில் சந்திப்பதில்லை, பள்ளிக்கூடத்தில் சந்திப்பதில்லை, பந்தியில் சந்திப்பதில்லை. சந்தையில் சந்திக்கிறார்கள். சாலையில், சாராயக்கடையில், சிறையில் சந்திக்கிறார்கள். தெற்கு ஜெர்மனியில் கிராமத்து யூதர்கள் பலர் மாட்டு வியாபாரம் செய்தார்கள். விலையை விவசாயி காதில் விழாமல் தங்களுக்குள் பேச எபிரேய எண்களைப் பயன்படுத்தினார்கள். கேட்டுக் கேட்டு அந்தச் சொற்கள் விவசாயிகளுக்கும் பழகிவிட்டன. பவேரியாவில் ஷோப்ஃப்லோஹ் என்ற ஊரில் யூதரல்லாதவர்களும் அந்த வியாபாரிப் பேச்சைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அதன் பெயர் லஹௌதிஷ். 'புனித மொழி' என்று பொருள்படும் எபிரேயத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. புனித மொழி என்ற பெயரில் மாட்டு விலை!

பக்கத்தில் புதன்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களுக்கும் தனிச்சொற்கள் உண்டு. நம் இலக்கணக்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். நன்னூல் இதைக் குழூஉக்குறி என்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார் என்று பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். தகுதி வழக்கு என்ற தலைப்பின் கீழ் அதை வைத்தார்கள். அதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. ஒரு கூட்டம் தனக்குள் தனிச்சொல் வைத்துக்கொள்வதைக் குற்றமாக அந்த இலக்கணம் பார்க்கவில்லை.

ஐரோப்பாவில் அதைக் குற்றமாகத்தான் பார்த்தார்கள். பிச்சைக்காரர்கள், நாடோடிகள், திருடர்கள் பேசிய மறைமொழிக்கு ரோட்வெல்ஷ் என்று பெயர். 1510 வாக்கில் அதைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சாகிப் பரவியது. 1528இல் மார்ட்டின் லூதர் அதற்கு முன்னுரை எழுதிப் பதிப்பித்தார். இந்த மொழியில் எபிரேயச் சொற்கள் நிறைய இருப்பதால் இது யூதர்களிடமிருந்து வந்தது என்று அந்த முன்னுரையில் எழுதினார். பார்த்தீர்களா, சீர்திருத்தவாதிதான், சர்ச்சை எதிர்த்துக் கலகம் செய்தவர்தான். ஆனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு சமூகத்தின் மேல் திருட்டுப் பட்டத்தை ஏற்றிவிட்டார். உண்மையில் சாலையில் அலைந்த ஏழைகளில் யூதரும் இருந்தார்கள், ஜெர்மானியரும் இருந்தார்கள், ரோமா மக்களும் இருந்தார்கள். பேச்சு கலந்தது. 1858 முதல் 1862 வரை ஜெர்மானியக் குற்றவாளிகளைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளிவந்தன. யூதர்களின் பேச்சைப் பற்றி அவற்றில் விரிவாக எழுதியவர் அவெ லாலெமான். அவர் லூபெக் நகரத்துப் போலீஸ் அதிகாரி. மொழியியல் துறை செய்ய வேண்டிய வேலையைக் காவல்துறை செய்தது.

அடுத்த சில ஆண்டுகளில் இங்கே என்ன நடந்தது? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம். 1892இல் முல்லாலி என்ற போலீஸ் அதிகாரி சென்னை மாகாணத்துக் 'குற்ற வகுப்புகள்' பற்றிய குறிப்பு நூலை வெளியிட்டார். 1911இல் சட்டம் நம் மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர் சமூகம் அதில் என்ன பாடுபட்டது என்பது சேலம் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். 1952இல்தான் நாடு முழுவதும் அந்தச் சட்டம் நீங்கியது. ஒரு சமூகத்தின் பேச்சை முதலில் எழுதி வைப்பவன் போலீஸ்காரனாக இருந்தால், அந்தச் சொற்கள் எந்தக் கண்ணோடு அகராதிக்குள் போகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி சில சொற்களை எடுத்துப் பார்ப்போம். இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

எபிரேயத்தில் 'மிஷ்பாஹா' என்றால் குடும்பம். யித்திஷில் 'மிஷ்போஹெ', அதே குடும்பம், சொந்தபந்தம். ஜெர்மனுக்குள் போனதும் அது 'அந்தக் கும்பல்' என்ற பொருளில் புழங்கியது. உன் சொந்தக்காரர்கள் என் பார்வையில் கும்பல். 'இஷா' என்றால் பெண், மனைவி. ஜெர்மனில் 'இஷெ' என்றால் மரியாதையில்லாமல் 'அவ'. 'பெலேட்டா' என்றால் தப்பித்தல், உயிர் பிழைத்து ஓடுதல். ஜெர்மனில் 'ப்ளைட்டெ' என்றால் திவால். கடன்காரனுக்குத் தப்பித்து ஓடுவதுதான் ஊர்க்காரர்கள் பார்த்தது. 'க்னாஸ்' என்றால் அபராதம். 'க்னாஸ்ட்' என்றால் ஜெயில். அபராதம் கட்ட முடியாதவன் எங்கே போவான் என்பதை அந்தச் சொல்லே சொல்கிறது. 'ஷ்மிரா' என்றால் காவல் காத்தல். ஜெர்மனில் அது திருடர்களுக்காக வெளியே நின்று ஆள் பார்க்கும் வேலை.

'மெலாகா' என்ற சொல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எபிரேய வேதத்தில் அது உயர்ந்த சொல். வழிபாட்டுக் கூடாரத்தைக் கைவினைஞர்கள் கட்டிய வேலைக்கு அந்தச் சொல்தான். ஓய்வுநாளில் செய்யக் கூடாத வேலைக்கும் அந்தச் சொல்தான். தொழில், கைத்திறன், படைப்பு எல்லாம் அதில் அடங்கும். யித்திஷ் வழியாக ஜெர்மனுக்குப் போனபோது 'மலோஹெ' ஆயிற்று. ரூர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கத்திலும் இரும்பு ஆலையிலும் முதுகு ஒடியச் செய்யும் வேலைக்குப் பெயராயிற்று. கைவினை போய்விட்டது, முதுகுவலி மட்டும் மிஞ்சியது. ஆனால் ரூர் தொழிலாளி இன்றைக்கு அந்தச் சொல்லை ஒருவிதப் பெருமையோடுதான் சொல்கிறான். அவன் யூதன் அல்ல. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது அவனுக்குத் தெரியாமலும் இருக்கலாம். உழைக்கிறவன் வாயில் போய்ச் சேர்ந்ததால் அந்தச் சொல் கொஞ்சம் மரியாதையை மீட்டுக்கொண்டது என்று நான் நினைக்கிறேன்.

எல்லாச் சொல்லும் கீழே விழுந்ததாகச் சொல்ல முடியாது. 'டாஹெலெஸ்' என்றால் சுற்றி வளைக்காமல் பேசுவது. 'ஹுட்ஸ்பெ' என்றால் துணிந்த முகத்தோடு செய்யும் அடாவடி. ஜெர்மன் பத்திரிகையில் பாதிப் பாராட்டாகவே வரும். 'பெடூஹ்ட்' என்றால் பணக்காரன், மூலச் சொல்லுக்குப் பாதுகாப்பானது, நம்பத்தக்கது என்று பொருள். இவையெல்லாம் யூதர்களின் வாயிலிருந்து ஜெர்மானியர்கள் எடுத்துக்கொண்ட சொற்கள். பொருளைத் திரித்திருக்கலாம், ஆனாலும் சொல் அவர்களுடைய வாயில் இருந்தது.

வேறு ஒரு வகை இருக்கிறது. 'மௌஷெல்ன்' என்று ஜெர்மனில் ஒரு வினைச்சொல். மோசே என்ற பெயர் யித்திஷில் மோய்ஷெ. அதிலிருந்து 'மௌஷெல்' என்று யூதனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். நம் ஊரில் ஒருவனுடைய பெயரை அரைகுறையாக வெட்டிக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி. பிறகு அவன் பேசுகிற மாதிரி பேசுவதற்கு 'மௌஷெல்ன்' என்றார்கள். பிறகு கள்ளத்தனமாகப் பேரம் முடிப்பதற்கு அதே சொல். இன்றைக்கும் அரசியல்வாதிகள் திரைமறைவில் பங்கு பிரித்தால் அதைச் சொல்ல இந்தச் சொல்லைப் பயன்படுத்துவோர் உண்டு. இதை யூதன் கொடுத்த சொல் என்று கணக்கில் எழுத முடியுமா? அவன் கொடுக்கவில்லை. அவனுடைய பெயரையே பிடுங்கி வசவாக்கி அவன் தலையில் சுமத்தினார்கள்.

கடன்சொல் பட்டியலில் இந்த இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். மொழியியல் பாடப்புத்தகத்துக்கு இரண்டும் 'கடன்' தான். நமக்கு அப்படி அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நம் சொல்லுக்கு வருகிறேன்.

பறை என்றால் முரசு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் 'பறயுக' என்பது இன்றைக்கும் அன்றாடச் சொல். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பறைதல் என்றால் பேசுதல்தான். புறநானூற்றின் 335ஆம் பாடல் எண்ணிச் சொல்லும் நான்கு குடிகளில் பறையனும் ஒருவன். அங்கே இழிவு ஏதும் இல்லை. நாம் நிற்கும் இந்த மலைக்கு உரிய வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய 152ஆம் பாடலிலும் முழவும் ஆகுளியும் பதலையும் ஒலிக்கின்றன. தோற்கருவி தொட்டவன் தீட்டு என்ற பேச்சு அங்கேயும் இல்லை.

1516 வாக்கில் போர்ச்சுகீசியரான துவார்த்தே பார்போசா இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதும்போது நம் பெயரையும் எழுதினார். அவருக்குச் சொன்னது யார்? சேரிக்குள் வந்து கேட்டிருக்க மாட்டார். தீண்டாதே, அருகில் போகாதே என்று எச்சரித்தவர்கள்தான் அந்தப் பெயரையும் சொல்லியிருக்க வேண்டும். ஆகவே ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது நம் வாயிலிருந்த பெயர் அல்ல, ஊர்க்காரன் வாயிலிருந்த பெயர். ஆங்கிலத்தில் அது 'பரையா' ஆயிற்று. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியைப் புரட்டினால் நாய்க்கு அந்தப் பெயர், பருந்துக்கு அந்தப் பெயர், மட்டமான சாராயத்துக்கு அந்தப் பெயர். பிறகு நாடுகளுக்கும் வந்தது. எந்த அரசோடும் உலகம் பேசாவிட்டால் அதற்கு 'பரையா ஸ்டேட்' என்று ஆங்கிலப் பத்திரிகை தலைப்புப் போடுகிறது. சென்னையில் அச்சாகும் பத்திரிகையும் போடுகிறது. அதைத் தட்டச்சு செய்கிறவருக்கு, தன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறவர்களின் பெயரை எழுதுகிறோம் என்ற நினைப்பே வராது. தமிழில் அதே தலைப்பைப் போடுவாரா?

ஜெர்மனில் இந்தச் சொல் 'பாரியா'. 1782இல் வெளியான சொன்னெராவின் இந்தியப் பயண நூலிலிருந்து கதேவுக்கு நம் மாரியம்மன் கதை கிடைத்தது. பிராமணத்தியின் தலையும் பறைச்சியின் உடலும் சேர்ந்த கதை, உங்களுக்குத் தெரிந்ததுதான். 1824இல் 'பாரியா' என்ற தலைப்பில் மூன்று கவிதைகளாக அதை வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு, 1823இல், மிகாயேல் பேர் என்ற யூத இளைஞர் எழுதிய 'பாரியா' நாடகம் பெர்லின் மேடையேறியது. நாயகன் தன் நாட்டுக்காகப் போரிட விரும்பும் தீண்டப்படாதவன். அனுமதி கிடையாது. பார்த்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, மேடையில் நிற்பது இந்தியன் அல்ல, பெர்லின் யூதன் என்று. முதல் உலகப் போர்க் காலத்தில் மாக்ஸ் வேபர் இந்து மதத்தையும் பண்டைய யூதத்தையும் ஆராய்ந்து எழுதியபோது யூதர்களைப் 'பாரியா மக்கள்' என்று வகைப்படுத்தினார். யித்திஷ் சொற்கள் ஜெர்மனுக்குள் போன அதே மொழியில் நம் பெயரும் போய், அந்த யித்திஷ்காரர்கள் மேலேயே ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்தது கவனிக்க வேண்டியது. பெர்னார் லசார் என்ற பிரெஞ்சு யூதர் 1890களில் இந்தச் சொல்லைத் தாமே எடுத்துக்கொண்டார். ஆம், நான் பாரியாதான், அதை அறிந்த பாரியா, பணக்காரர் வாசலில் நின்று கெஞ்ச மாட்டேன் என்ற நிலை அது. அவரைப் பின்பற்றி ஹன்னா அரெண்ட் 1944இல் யூதனைப் பாரியாவாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் மரியாதையோடு படிக்கப்படும் கட்டுரை.

நல்லது. ஆனால் 1893இல் சென்னையில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனை எந்தப் பல்கலைக்கழகம் அந்தக் கட்டுரையோடு சேர்த்துப் படிக்கிறது? அரெண்டுக்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, அந்தச் சொல்லுக்கு உரியவரே, அதை நெற்றியில் எழுதிக்கொண்டு தெருவுக்கு வந்தார். அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் வேறு பக்கம் நின்றார். அந்தப் பெயர் எதிரிகள் நம்மேல் சுமத்தியது, நாம் பூர்வ பௌத்தர்கள், தமிழர்கள் என்று 1907இல் தொடங்கிய தம் 'தமிழன்' இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி. ஒருவர் சுமத்திய சொல்லைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஒருவர் அதைத் தூக்கி எறிந்தார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. மூன்றாவது வழி என்று அதைச் சொல்லலாம். இவர்களில் யார் சரி என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். எனக்குப் பண்டிதரின் படிப்பின் மேல் பெரும் மரியாதை. ஆனால் மனம் சீனிவாசன் பக்கமே சாய்கிறது. சொல்லை விட்டுவிட்டு ஓடினால் அது எதிரியின் கையில்தான் இருக்கும், அங்கேயிருந்து அவன் நாய்க்கும் பருந்துக்கும் வைப்பான்.

மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் 2011இல் பள்ளிப் பாடநூலாக வந்தது. அதில் இந்தியர்களைப் பற்றி இந்தச் சொல் வருவதால் அங்குள்ள தமிழர்கள் போராடினார்கள். அந்த ஆண்டு முடிவில் நூல் திரும்பப் பெறப்பட்டது. போராட்டம் சரிதான். மலாய் மொழியில் அது பச்சை வசவு. ஆனால் அந்தப் போராட்டத்தில் எழுந்த குரல்களில் ஒன்று, 'நாங்கள் எல்லாரும் அந்தச் சாதி அல்ல' என்பது. சொல்லை வசவாக்கியது தவறு என்பது ஒரு வாதம். எங்களை அவர்களோடு சேர்த்தது தவறு என்பது வேறு வாதம். இரண்டும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன. தோழர்களே, இரண்டாவது வாதம் கடல் கடந்த சாதி.

ரூர் தொழிலாளியின் 'மலோஹெ' பற்றிச் சொன்னேன். அதே ஜெர்மனில் 'கூலி' என்ற சொல்லும் இருக்கிறது, சுரண்டப்படும் கடைநிலை வேலையாள் என்ற பொருளில். குஜராத்தின் கோலி மக்களின் பெயர் என்று சிலரும், நம் 'கூலி' என்று சிலரும் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும் இலங்கைக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேற்றப்பட்ட நம் மக்கள் மேல் அந்தச் சொல் விழுந்தது. நமக்குக் கூலி என்றால் உழைப்புக்குத் தர வேண்டிய காசு. கேட்டு வாங்க வேண்டிய உரிமை. அவர்களுக்கு அது ஆளின் பெயர். தர வேண்டியதன் பெயரை வாங்க வேண்டியவன் மேல் ஒட்டிவிட்டால், தர வேண்டியது மறந்துபோகும்.

தமிழுக்குள்ளேயே வருவோம். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம். சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி உண்டு, கம்மாணச்சேரியும் உண்டு, பார்ப்பனச்சேரியும் உண்டு. வேளச்சேரியில் வீடு வாங்குகிறவர் பெருமையாகத்தான் சொல்கிறார். ஆனால் தனியாகச் 'சேரி' என்று சொன்னால் பொருள் வேறு. வெனிஸ் நகரில் 1516இல் யூதர்களை அடைத்த இடத்தின் பெயர் கெட்டோ. அங்கிருந்த உலோக வார்ப்பாலையால் வந்த சாதாரண இடப்பெயர் என்பதே பெரும்பாலோர் கருத்து. உள்ளே இருக்கிறவன் யார் என்பதை வைத்து இடத்தின் பெயரும் நாறும். 2023 நவம்பரில் தமிழக அரசியலில் இருக்கும் ஒரு நடிகை 'உங்கள் சேரி மொழியில் எனக்குப் பேச வராது' என்ற பொருளில் எழுதினார். எதிர்ப்பு வந்ததும், பிரெஞ்சில் அந்த உச்சரிப்புக்கு அன்புக்குரியவர் என்று பொருள் என விளக்கம் சொன்னார். கல்வெட்டுப் பொருளைச் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் படித்த பொய்யாக இருந்திருக்கும்.

அந்தச் 'சேரி மொழி'யின் சொற்கள் இல்லாமல் இன்றைக்கு எந்தத் தமிழ்ப் படம் ஓடுகிறது? கெத்து, கலாய்ப்பது, பேஜார், கலீஜ். இவற்றில் சில உருதுவிலிருந்து வந்தவை, பேஜாரும் கலீஜும் அப்படித்தான். ரிக்‌ஷாக்காரர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் குப்பத்து மக்களும் பேசியபோது அது காமெடி நடிகருக்கு மட்டும் உரிய தமிழ். கல்லூரி மாணவர்களும் விளம்பரக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டதும் அது 'லோக்கல்' என்ற பெயரில் அழகாகிவிட்டது. பேசியவர்கள்? அவர்களைக் கூவம் கரையிலிருந்து அள்ளிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். சொல் நகரத்தின் நடுவுக்கு வந்தது, ஆள் நகரத்துக்கு வெளியே போனார்.

ஜெர்மனியில் இது எந்த எல்லை வரை போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1939க்கு முன்பு உலகில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் யித்திஷ் பேசினார்கள். நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யித்திஷ்காரர்கள். கொலைக்குப் பிறகும் மலோஹெ, மிஷ்போஹெ, ஹுட்ஸ்பெ ஜெர்மனில் இருக்கின்றன, புதிய தலைமுறை அவற்றை விருப்பத்தோடு பேசுகிறது. ஆளைக் கொன்றாலும் சொல் வாழும் என்று சிலர் இதை ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு இதில் ஆறுதல் இல்லை. ஒரு மொழி நம் சொல்லை எடுத்துக்கொள்வது நம்மை ஏற்றுக்கொண்டதற்குச் சான்று ஆகாது. ஆகவே 'தமிழுக்குத் தலித்துகளின் கொடை' என்று நாம் பட்டியல் போடுவதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை.

யித்திஷ்காரர்கள் வேறு ஒரு வேலையும் செய்தார்கள், அதுதான் நமக்குப் பயன்படும். 1908இல் செர்னோவிட்ஸ் நகரில் மாநாடு கூட்டி, இது கொச்சை அல்ல, யூத மக்களின் தேசிய மொழிகளில் ஒன்று என்று அறிவித்தார்கள். 1925இல் வில்னாவில் யிவோ என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். சின்னச் சின்ன ஊர்களில் பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், தொழிலாளிகள் சொல்லையும் பழமொழியையும் தாலாட்டையும் எழுதி அதற்கு அனுப்பினார்கள். போலீஸ்காரன் எழுதியதற்குப் பதிலாகப் பேசுகிறவனே எழுதினான். 1978இல் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் நோபல் பரிசு வாங்கியபோது உரையின் தொடக்கத்தை யித்திஷில் பேச முடிந்தது என்றால், பின்னால் இந்த வேலை இருக்கிறது.

நமக்குப் பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. வீட்டுப் பேச்சிலேயே ஒரு நூல் முழுவதும் எழுதலாம் என்று அது காட்டியது. நம் மாவட்டத்துக்காரரான பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி கொண்டுவந்தார். பயனுள்ள நூல். ஆனால் வட்டாரம் என்பது ஒரே பேச்சு அல்ல. பண்ணையம் செய்தவரும் பண்ணையத்தில் இருந்தவரும் ஒரே கிணற்றைப் பற்றிப் பேசினாலும் ஒரே சொல்லில் பேச மாட்டார்கள். கவலை இறைத்த காலத்தில் தோலைத் தைத்தவருக்குத் தோலைப் பற்றி எத்தனை சொல் இருந்திருக்கும்! இங்குள்ள அருந்ததியர் வீடுகள் பலவற்றில் பேசுவது தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். மலைமேல் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையிலும் தினையிலும் கேழ்வரகிலும் வகைக்கொரு பெயர் உண்டு. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. கடைகளில் எல்லாப் பையிலும் 'மில்லட்' என்று ஒரே சொல். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கித் தானியம் வந்துவிட்டது, பெயர்கள் மேலேயே நின்றுவிட்டன.

ஆகவே இந்தப் பேரவை சொல் தொகுக்கும் வேலையைத் தொடங்குவது என்று எடுத்திருக்கும் முடிவை நான் வரவேற்கிறேன். ஒரு திருத்தம் சொல்கிறேன். நோட்டில் சொல், பொருள் என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறீர்கள். போதாது. யார் யாரிடம் சொல்லும்போது இந்தச் சொல் வரும் என்று ஒரு கட்டம் வேண்டும். நமக்குள் என்ன பொருள், ஊர்த்தெருவில் என்ன பொருள் என்று தனித்தனியாக வேண்டும். இது நாம் வைத்த பெயரா, நம்மேல் வைத்த பெயரா என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும். பறை அடிக்கிற பெரியவர்களிடம் போகிறவர்கள் அடிக்குச்சி, சிம்புக்குச்சி என்று கருவிப் பெயரோடு நிறுத்தாமல், தோலைச் சூடு காய்ச்சுவது முதல் ஒவ்வோர் அடிக்கும் உள்ள பெயர் வரை கேளுங்கள். வசவுகளையும் விடாதீர்கள். நம்மேல் எறியப்பட்ட வசவு, நாம் ஆண்டையை மறைவாகத் திட்டிய வசவு, இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவது வகை எந்தத் தமிழ் அகராதியிலும் இருக்காது.

குறவர் குடியிருப்புக்குப் போகும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அவர்களுடைய பேச்சை நோட்டும் பேனாவுமாக வந்து முதலில் கேட்டவர்கள் யார் என்பது அவர்கள் நினைவில் இருக்கும். நீங்கள் நம்மவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. முதல் நாள் நோட்டை எடுக்க வேண்டாம். இந்தச் சொல்லை எழுதாதே என்று அவர்கள் சொன்னால் அதை எழுதாமல் வாருங்கள், மனப்பாடம் செய்துகொண்டு வந்து பேருந்தில் உட்கார்ந்தும் எழுத வேண்டாம். புதன்சந்தைக்கும் மலைக்கும் யார் யார் போவது என்பதைத் தேநீர் இடைவேளையில் பேசி முடித்துக்கொள்வோம்.